எல்லை தாண்டும் ஆபத்துகளை ஆராய வருகிறவர்களுக்கு: கேள்வியிலிருந்து கொள்கைக் குறிப்பு வரை

2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’ வேலை என்று ஆசை காட்டுகிறார்கள். ஐ.டி. தெரிந்த இளைஞர்களை வரவழைத்து, கள்ளத்தனமாக எல்லை தாண்டவைத்து, பெரும்பாலும் மியான்மருக்குள் அடைத்துவைக்கிறார்கள். இதுதான் எச்சரிக்கையின் சாரம். அடுத்த சில வாரங்களில் மியான்மரின் எல்லை நகரான மியாவடியிலிருந்து மீட்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள்.

விளம்பரம் பார்த்தது ஒரு நாட்டில், விமானம் இறங்கியது இன்னொரு நாட்டில், அடைபட்டது மூன்றாவது நாட்டில். வளாகத்தை நடத்துகிறவர் வேறு நாட்டுக்காரர், பணத்தைப் பறிகொடுத்தவர் கடலுக்கு அப்பால். எந்த ஒரு நாட்டுப் போலீஸாலும் முழுதாகக் கையில் பிடிக்க முடியாத இப்படிப்பட்ட ஆபத்தைத்தான் ‘நாடு கடந்த அச்சுறுத்தல்’ என்கிறோம். ஆயுதக் கடத்தல், போதைப்பொருள், தொற்றுநோய், சைபர் தாக்குதல், அணுப்பொருள் திருட்டு எல்லாம் இந்த வரிசையில் வரும்.

இவற்றை ஆராய்ந்து, அரசுகள் என்ன செய்யலாம் என்று எழுதிக் கொடுக்கும் இலாப நோக்கற்ற அமைப்புகள் உலகம் முழுக்க இருக்கின்றன. அணுகுண்டைச் செய்த விஞ்ஞானிகள் சிலர் அதன் விளைவைக் கண்டு 1945ல் தொடங்கியது அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டமைப்பு. ஸ்டாக்ஹோமின் சிப்ரி என்ற அமைதி ஆய்வு நிறுவனம் 1966ல் வந்தது, வாஷிங்டனின் ஸ்டிம்சன் மையம் 1989ல், இன்டர்நேஷனல் கிரைசிஸ் குரூப் 1995ல். இப்படிப்பட்ட அமைப்புகளைத் தமிழில் சிந்தனைக் குழாம் என்று எழுதுகிறோம். பேச்சில் திங்க் டேங்க்தான்.

காகிதத்தில் எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணிவெடியைப் பாருங்கள். 1992ல் ஆறு தொண்டு அமைப்புகள் சேர்ந்து ஓர் இயக்கம் தொடங்கின. கால் இழந்தவர்களின் கணக்கை, எந்த நாடு செய்கிறது, எது விற்கிறது என்ற விவரத்தோடு அடுக்கி வைத்தார்கள். 1997 டிசம்பரில் ஒட்டாவாவில் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1999 முதல் ஆண்டுதோறும் ஒவ்வொரு நாடும் சொன்னதைச் செய்ததா என்று அந்த இயக்கமே அறிக்கை போடுகிறது. இலங்கை 2017 டிசம்பரில் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வெடி அகற்றி முடிக்க அதற்கு 2028 ஜூன் 1 வரை கெடு இருக்கிறது. அந்தத் தேதி எங்கோ ஒரு சிறிய அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ திரட்டிய ஆதாரத்திலிருந்து வந்தது. இந்த வேலையின் மேல் எனக்குள்ள மரியாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இனி உங்கள் முதல் கொள்கைக் குறிப்பை, அதாவது அரசு என்ன செய்யலாம் என்று சுருக்கமாகச் சொல்லும் தாளை, எழுதும் வழிக்கு வருவோம். உதாரணத்துக்கு மியாவடி விஷயத்தையே கடைசிவரை பிடித்துக்கொள்கிறேன்.

முதல் படி: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, தலைப்பைக் கேள்வி என்று நினைப்பது. ‘தென்கிழக்கு ஆசியாவில் சைபர் குற்றம்’ என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு ஆறு மாதம் படிக்கலாம், ஒரு பக்கம் எழுத முடியாது.

முதலில் சங்கிலியைத் தாளில் வரையுங்கள். டெலிகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ விளம்பரம். உள்ளூர் ஏஜென்ட். பாங்காக் விமானம். அங்கிருந்து மேற்கே சுமார் 500 கிலோமீட்டர் காரில் மே சோட். மோய் ஆற்றைக் கடந்தால் மியாவடி. அங்கே கே.கே. பார்க், ஷ்வே கொக்கோ போன்ற வளாகங்கள். பாஸ்போர்ட் பறிபோகிறது. அதன்பின் முன்பின் தெரியாதவர்களிடம் காதல் பேசி, போலி முதலீட்டில் பணம் போடவைக்கும் வேலை. பறித்த பணம் கிரிப்டோவாக மாறி மறைகிறது.

ஒவ்வொரு கண்ணியிலும் விரலை வைத்து ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: இதை அறுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? மோய் ஆற்றங்கரையில் உங்களுக்கும் எனக்கும் வேலையில்லை. ஆனால் விமானம் ஏறும் கண்ணியைப் பாருங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைக் காக்க இந்தியாவில் 1983ன் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிற சிலர், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வாங்கித்தான் போகமுடியும். தாய்லாந்து அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. படித்தவன் ஏமாறமாட்டான் என்ற நம்பிக்கையில், கூலி வேலைக்குப் போகிறவர்களுக்காகக் கட்டிய வேலி அது. இந்த வளாகங்களோ தேடுவது பி.இ., பி.சி.ஏ. படித்து ஆங்கிலம் தட்டத் தெரிந்தவர்களை. அவர்களும் வேலைக்கு என்று சொல்லாமல் சுற்றுலாப் பயணியாகத்தான் போகிறார்கள். போதாக்குறைக்கு 2023 நவம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே தாய்லாந்துக்குள் போகலாம் என்றாகிவிட்டது.

இப்போது கேள்வி தானாக வந்துவிடுகிறது: ‘குடிபெயர்வுப் பாதுகாப்பு விதிகள் படித்த இளைஞர்களை எந்த இடத்தில் தவறவிடுகின்றன, அந்த இடைவெளியை எப்படி அடைக்கலாம்?’ ஆறு வாரத்தில் பதில் தேடக்கூடிய கேள்வி இது. அவ்வளவு சிறிதாக வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: ஒரு எண்ணை அதன் வேர்வரை துரத்துங்கள்

நான் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

மியான்மர் மோசடி வளாகங்கள் பற்றி எதைப் படித்தாலும் ‘1,20,000 பேர் அடிமைகளாக இருக்கிறார்கள்’ என்ற வரி வரும். எங்கிருந்து வந்தது? செய்தி இன்னொரு செய்தியைக் காட்டும், அது ஒரு கட்டுரையைக் காட்டும். விடாமல் பின்னாலேயே போனால் 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கையில் போய் நிற்பீர்கள். அங்கே உள்ள வாசகம் இந்தப் பொருள்படும்: நம்பத்தகுந்த வட்டாரங்களின்படி, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர் இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்படும் நிலையில் வைக்கப்பட்டிருக்கக்கூடும், கம்போடியாவில் மதிப்பீடு சுமார் 1,00,000.

‘இருக்கக்கூடும்’ என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. ‘வட்டாரங்களின்படி’ என்பதும் விழுந்துவிட்டது. மதிப்பீடு எண்ணிக்கையாகிவிட்டது. அந்த எண் தவறு என்று நான் சொல்லவில்லை. வாசல் பூட்டிய வளாகத்துக்குள் யாரும் தலை எண்ண முடியாது, மதிப்பீடுதான் சாத்தியம். ஆனால் உங்கள் குறிப்பில் அது மதிப்பீடு என்ற உடையோடுதான் வரவேண்டும். ஏனென்றால் உங்கள் குறிப்பைக் கையில் வாங்கும் அதிகாரி ஏதாவது ஒரு எண்ணைச் சரிபார்ப்பார். அந்த ஒன்று ஆட்டம் கண்டால் மீதி எண்களையும் அவர் நம்பமாட்டார்.

எண் இருக்கும் இடமெல்லாம் வரையறை இருக்கும், அதையும் தேடிப் படியுங்கள். சிப்ரியின் ஆயுதப் பரிமாற்றத் தரவுத்தளத்தில் வரும் மதிப்பு டாலர் விலை அல்ல. கைமாறிய ஆயுதங்களின் இராணுவத் திறனை ஒப்பிட அவர்களே வகுத்த அளவு. அதை ரூபாயாக மாற்றி ‘இத்தனை கோடிக்கு வாங்கினார்கள்’ என்று எழுதினால் முழுத் தவறு. ஆனால் அதே சிப்ரியின் இராணுவச் செலவுக் கணக்கு டாலர்தான்: 2024ல் உலகம் முழுவதும் சேர்த்து 2.718 லட்சம் கோடி டாலர். உப்சாலா பல்கலைக்கழகத்தின் மோதல் தரவுத்தளத்தில் ஓர் ஆண்டில் மோதலில் குறைந்தது 25 பேர் இறந்தால்தான் அது ‘ஆயுத மோதல்’, 1,000 பேரைத் தொட்டால்தான் ‘போர்’. 24 பேர் இறந்த ஊர் அந்த அட்டவணையில் அமைதியான ஊர் போலத் தெரியும். அட்டவணையைத் திறப்பதற்கு முன் அதன் விளக்கக் குறிப்பைப் படிக்க வேண்டியது இதனால்தான்.

மூன்றாம் படி: யார் பணம்?

ஓர் அறிக்கையைக் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கத்துக்கோ நிறுவனத்தின் ‘எங்களைப் பற்றி’ பகுதிக்கோ போய், நிதி எங்கிருந்து என்று பாருங்கள். சிப்ரிக்கு ஸ்வீடன் அரசு நிதி தருகிறது. டில்லியின் மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்துக்கு நம் பாதுகாப்பு அமைச்சகம் தருகிறது. வேறு சிலவற்றுக்கு ஆயுதக் கம்பெனிகள் தருகின்றன, வெளிநாட்டு அரசுகள் தருகின்றன. பணம் வாங்கினாலே பொய் எழுதுவார்கள் என்று அர்த்தமில்லை. எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள் என்று தேட அது வழிகாட்டும்.

பணம் நின்றால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். அமெரிக்க அமைதி நிறுவனத்தை 1984ல் அந்நாட்டு நாடாளுமன்றம் உருவாக்கியது. மோசடிக் கும்பல்கள் உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 6,400 கோடி டாலர் பறிக்கின்றன என்ற மதிப்பீட்டை 2024 மே மாதம் வெளியிட்டது அந்த நிறுவனம்தான். 2025ல் ஆட்சி மாறிய சில வாரங்களில் அதன் ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக வேலை இழந்தார்கள். ஆகவே பயன்படும் எந்த அறிக்கையையும் பார்த்த அன்றே பிடிஎஃப்பாக இறக்கி, இணைய ஆவணக் காப்பகத்திலும் ஒரு பிரதி சேமித்துவிடுங்கள். நாளைக்கு அந்தச் சுட்டி திறக்கும் என்று எண்ணாதீர்கள்.

இந்தியாவில் சிறு அமைப்பு நடத்துகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டு நிதி வாங்க முடியாது. நன்கொடை வருகிறதே என்ற மகிழ்ச்சியில் ஒப்புக்கொள்வதற்கு முன் ஆடிட்டரைக் கேளுங்கள்.

நான்காம் படி: திறந்து கிடப்பதிலிருந்தே ஆதாரம்

இரகசிய ஆவணம் எதுவும் உங்களுக்கு வேண்டாம். யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள், 1923ன் அலுவலக இரகசியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. திறந்து கிடப்பதைச் சரியாகப் படித்தாலே போதும்.

நாடாளுமன்றக் கேள்வி பதில்கள் ஒரு சுரங்கம். எத்தனை பேர் மீட்கப்பட்டார்கள், எத்தனை போலி ஏஜென்ட்கள் மேல் புகார் என்று எம்.பி.க்கள் கேட்டிருப்பார்கள், அமைச்சகம் எழுத்தில் பதில் சொல்லியிருக்கும். பதிலில் இல்லாததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. ‘எல்லா விவரமும் தருக’ என்று கேட்டால் மறுப்பு வரும். ‘2022 முதல் 2024 வரை, ஆண்டுவாரியாக, இன்ன அலுவலகத்துக்கு வந்த புகார்களின் எண்ணிக்கை’ என்று கேட்டால் எண் வரும்.

செயற்கைக்கோள் படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். மனிதர்கள் தெரியமாட்டார்கள், வயல் இருந்த இடத்தில் கட்டடம் முளைப்பது தெரியும். கூகுள் எர்த்தில் பழைய தேதிகளுக்குப் பின்னோக்கி நகர்த்தினால் மோய் ஆற்றோரம் வெறும் நிலம் சில ஆண்டுகளில் நகரமானதைக் கண்ணால் காணலாம். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். ஒவ்வொரு கூரைக்கும் கீழே யாரோ வீட்டுப் பிள்ளை.

தமிழ் தெரிந்தவர்களுக்கு என்று ஒரு பலம் இருக்கிறது. டில்லி, வாஷிங்டன் ஆய்வாளர்கள் யாரும் தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களைப் படிப்பதில்லை. ‘வெளிநாட்டு வேலை வாங்கித் தருவதாக மோசடி’ என்ற இரண்டு பத்திச் செய்திகளை ஓராண்டுக்குச் சேர்த்துப் பாருங்கள். எந்த ஊர் ஏஜென்ட், எந்த நாட்டின் பெயர், எவ்வளவு கமிஷன், எந்தக் காவல் நிலையம், எந்தச் சட்டப்பிரிவு என்று வரிசையாக விழும். வேறு யாரிடமும் இல்லாத தரவு அது. எக்செல்லில் ஒரு தாள் போதும். ஒவ்வொரு வரியிலும் நான்கு கட்டம் கட்டாயம்: என்ன தகவல், எந்த மூலம், எந்தத் தேதியில் பார்த்தீர்கள், எவ்வளவு நம்புகிறீர்கள். கடைசிக் கட்டத்தைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். எழுதும்போது ‘இருக்கக்கூடும்’ போடவேண்டிய இடத்தை அதுதான் சொல்லும்.

ஐந்தாம் படி: திரும்பி வந்தவர்களிடம் பேசுவது

இதை எடுத்த எடுப்பில் செய்யாதீர்கள். செய்யாமலே ஒரு நல்ல குறிப்பு எழுத முடியும் என்றால் இன்னும் நல்லது.

திரும்பி வந்த பையன் அடி வாங்கியிருக்கிறான். ஊரில் கடன் நிற்கிறது. அடைபட்டிருந்தபோது யாரையோ ஏமாற்றிய குற்றவுணர்வும் இருக்கிறது, வழக்கு வருமோ என்ற பயமும் இருக்கிறது. ஐ.நா.வின் 2000ம் ஆண்டு ஆள்கடத்தல் நெறிமுறை ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுபோனால் ‘அவன் சம்மதித்துத்தான் போனான்’ என்ற வாதம் செல்லாது என்கிறது. ஆனால் அது அவனுக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுக்கும் தெரியாது.

ஆகவே நேராகக் கதவைத் தட்டாமல், அவனுக்கு உதவிய வக்கீல் அல்லது தொண்டு அமைப்பு வழியாகப் போங்கள். எதற்குக் கேட்கிறீர்கள், எங்கே வரும், வேண்டாம் என்றால் எப்போது நிறுத்தலாம் என்று தமிழில், பேச்சு மொழியில் சொல்லுங்கள். பெயர், ஊர், கல்லூரி, முகம், குரல் எதுவும் வேண்டாம். ‘2022ல் திரும்பிய ஒரு பட்டதாரி’ என்றால் போதும். குறிப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். உங்கள் போனில் அந்தக் கோப்பு இருக்கும்வரை, போனை எடுப்பவன் கையில் அந்தப் பையனும் இருக்கிறான்.

ஆறாம் படி: இரண்டு பக்கம், அதற்குமேல் வேண்டாம்

கொள்கைக் குறிப்பு கல்லூரி ஆய்வேடு மாதிரி இருக்காது. முடிவு முதல் பத்தியிலேயே வரவேண்டும். படிக்கப்போகிறவர் காரில் ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் அதிகாரி என்று மனதில் வைத்து எழுதுங்கள்.

நான் எழுதிய முதல் குறிப்பின் கடைசி வரி: ‘அரசு உடனடியாக உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்.’ என் மூத்த சக ஊழியர் ஒருவர் பென்சிலால் அந்த வரியில் நான்கு வட்டம் போட்டார். எந்த அரசு? எந்த அலுவலகம்? உடனடியாக என்றால் எந்தத் தேதி? உரிய என்றால் என்ன? அந்தத் தாளைப் பல வருடம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

அதே வரியை இன்று எழுதினால் இப்படி இருக்கும்: ‘தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் பெயரில் வரும் ஐ.டி. வேலை வாய்ப்புகளை விண்ணப்பதாரர் தாமாகவே சரிபார்க்க, சென்னை குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகமும் சேர்ந்து ஒரு தமிழ் உதவி எண்ணை அடுத்த கல்லூரி வளாகத் தேர்வுக் காலத்துக்குமுன் தொடங்கலாம். புதிய சட்டம் தேவையில்லை.’ யார், என்ன, எப்போது, எந்த அதிகாரத்தில் என்ற நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பரிந்துரை மூன்றுக்குமேல் போகவேண்டாம்.

எதிர்வாதத்தையும் நீங்களே எழுதிவிடுங்கள். விமான நிலையத்தில் கெடுபிடி கூட்டினால் என்ன ஆகும்? உண்மையான வேலைக்குப் போகிறவனும் சுற்றுலா போகிற பெண்ணும் அவமானப்படுவார்கள், கும்பல் வேறு விமான நிலையத்துக்கு மாறும். இந்தக் கேடுகளை மறைத்து எழுதும் குறிப்பு மேசையில் ஒரு நாள்கூடத் தாங்காது.

முடித்ததும், உங்கள் முடிவை ஏற்காத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நண்பர்கள் பாராட்டுவார்கள், பிழை கண்டுபிடிக்கமாட்டார்கள்.

ஏழாம் படி: யார் கையில் சேர்ப்பது

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கும் முன், உங்கள் தொகுதி எம்.பி.யின் உதவியாளருக்கு இரண்டு பக்கத்தோடு, அவர் கேட்கத்தக்க ஒரு கேள்வியையும் எழுதி அனுப்புங்கள். உதவியாளர்கள் பலர் இளைஞர்கள், நல்ல சரக்கு தேடிக்கொண்டிருப்பவர்கள். நாடாளுமன்ற ஆய்வு அமைப்பான பி.ஆர்.எஸ். நடத்திய லேம்ப் பயிற்சித் திட்டத்தில் எம்.பி.க்களிடம் வேலை பார்த்துக் கற்றவர்கள் பலர் இன்று இந்தத் துறையில் இருக்கிறார்கள். அதே குறிப்பைத் தமிழிலும் போடுங்கள். கல்லூரி வேலைவாய்ப்பு அதிகாரிக்கு ஆங்கிலப் பதிப்பைவிட அதுதான் பயன்படும்.

கலந்துரையாடல்களுக்கு அழைப்பு வந்தால் ‘சாத்தம் ஹவுஸ் விதி’ என்று சொல்வார்கள். லண்டனின் அந்த நிறுவனம் 1927ல் வகுத்தது. அங்கே கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார், எந்த அமைப்பு என்று சொல்லக்கூடாது. இதை மீறினால் அடுத்த அழைப்பு வராது.

இன்டர்ன்ஷிப் தேடுகிறவர்கள் டில்லியோடு நிற்க வேண்டாம், பெங்களூரில் தக்ஷசிலா என்ற கொள்கை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. விண்ணப்பத்தோடு பட்டச் சான்றிதழைவிட நீங்கள் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பை இணையுங்கள். தேர்ந்தெடுப்பவர் படிப்பது அதைத்தான்.

வெளியிட்ட பிறகு

குறிப்பின் தலையில் தேதி போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து எல்லையோரப் பகுதிகளுக்கு மின்சாரம், இணையம், எரிபொருள் மூன்றையும் நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள். மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் இரண்டு நாளில் 549 பேரை அழைத்துவந்தன. அந்த வாரம் எழுதப்பட்ட குறிப்புகள் பலவற்றில் பிரச்சினை முடிந்த தொனி இருந்தது. அக்டோபரில் கே.கே. பார்க்கில் மியான்மர் இராணுவம் சோதனை போட்டபோதும் அந்த வளாகம் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அதே மாதம், மியான்மரின் மோசடி வளாகங்கள் அருகே இருந்த 2,500க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங்க் கருவிகளை முடக்கியதாக ஸ்பேஸ்எக்ஸ் சொன்னது. கம்பி அறுந்தால் வானத்திலிருந்து இணையம் எடுக்க வழி இருந்திருக்கிறது.

முதல் படியில் வரைந்த உங்கள் சங்கிலித் தாளை எடுத்து, அந்தக் கண்ணியைப் பென்சிலால் சேர்த்து, பக்கத்தில் தேதி எழுதுங்கள்.